பதினைந்து சொல்லுக்கு ஒரே பொருள்

மார்ச் 4

தம்பிக்கு,

‘அன்புள்ள’ போடவில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே. இது அலுவலகக் கடிதம். மூன்று வருடம் ஒரு வார்த்தை பேசாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நீ கேட்பதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆங்கிலம்–தமிழ் அகராதியைத் திருத்தி மறுபதிப்பு போடுகிறோம். வினைச்சொல் பிரிவு என் தலையில் விழுந்திருக்கிறது. நிப், டேஷ், போல்ட், ஸ்கூட், ஜிப், பெல்ட், லெக் இட் என்று வேகமாகப் போவதற்குப் பேச்சு வழக்கில் பதினைந்து சொற்கள் இருக்கின்றன. பழைய பதிப்பில் பதினைந்துக்கும் ஒரே பொருள்: ‘விரைந்து செல்.’ அதைத் தொகுத்த புண்ணியவான் வாழ்க்கையில் ஒருநாள்கூட பஸ்ஸைத் துரத்தியிருக்க மாட்டார்.

ஏழு பேருக்கு எழுதிக் கேட்டேன். ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் ஏழு பேரும் புத்தகத்திலிருந்து மேற்கோள் அனுப்பினார்கள். எனக்குத் தேவை தெருவில் விழும் பேச்சு. நீ இருப்பதோ ஆங்கிலத்திலேயே தும்மும் ஊர். மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். உன் காதில் விழாத வேகம் வேறு யார் காதில் விழப்போகிறது?

இருபது சீட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு சீட்டில் ஒரு சொல். யார் சொன்னார், எங்கே, என்ன தேதி, எத்தனை மணி, யார் எப்படிப் போனார் என்று எழுத வேண்டும். நீயே பார்த்ததாகவும் கேட்டதாகவும் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுத் தபாலில்தான் அனுப்ப வேண்டும், தொலைபேசியில் சொல்வதை எங்கள் அலுவலகம் ஏற்காது.

இன்னொன்று. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. இனியும் தள்ளிப் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “அவன் வந்து பக்கத்துல இருந்தாத்தான் கத்தி வைக்க விடுவேன்” என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாள். நீ ஞாயிறுதோறும் போனில் ‘அடுத்த மாசம் வர்றேம்மா’ என்கிறாய். இதுவரை நான்கு அடுத்த மாதம் போய்விட்டது. இது அலுவலகக் கடிதம் என்பதால் இதற்குமேல் எழுதவில்லை.

அக்கா
(வினைச்சொல் பிரிவு)


மார்ச் 19

வினைச்சொல் பிரிவுக்கு,

‘அகராதி பிடிச்சவ’ என்று சின்ன வயதில் உன்னைச் சொன்னபோது அம்மா என் வாயில் போட்டாள். இப்போது அதற்கே சம்பளம் வாங்குகிறாய். நல்லது.

சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். அப்பா போன பதினேழாம் நாள், நான் இந்த வேலைக்குக் கிளம்பியபோது, பஸ் நிலையத்தில் நாலு பேர் பார்க்க நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? “போடா போ. ஓடிப்போறது ஒண்ணுதான் உனக்குத் தெரிஞ்ச வேலை.” ஆக, ஓடுவதைப் பற்றிக் கேட்க என்னைவிட்டால் யார்?

ஆறு சீட்டு நிரப்பியிருக்கிறேன். நிப் என்றால் வேகம் இல்லை அக்கா, அது திரும்பி வருவது. எங்கள் கிடங்கில் ஆட்களை அனுப்பும் பெரிய மேடம், “நிப் ஓவர் டு தி பேங்க்” என்பார். போன சூடு ஆறுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று அர்த்தம். நம் ஊர்ப் பேச்சில், ‘ஒரு எட்டு போய்ட்டு வந்துடு.’ அவ்வளவுதான்.

ஜிப் வேறு. சிக்னலில் கார்களெல்லாம் மூச்சு முட்டி நிற்கும்போது நடுவில் நான் மட்டும் புகுந்து போவேன் பார், அதற்குப் பெயர் ஜிப். அதில் வேகத்தோடு ஒரு குஷியும் உண்டு. விஸ் என்றால் காதோரம் சத்தம் கேட்கும். நான் பாலத்தில் இறங்கும்போது ஹெல்மெட்டுக்குள் விர்ரென்று கேட்கும், அது. ‘விரைந்து செல்’ என்று எழுதியவரை ஒருநாள் என் பின் சீட்டில் உட்காரவைத்திருந்தால் திருந்தியிருப்பார்.

அம்மாவிடம் சொல், வருகிறேன். இப்போது வேலை ஜாஸ்தி.

தம்பி


மார்ச் 31

தம்பிக்கு,

உன் ஆறு சீட்டும் செல்லாது. ஒன்றில்கூடத் தேதி இல்லை. ‘ஒருநாள்’, ‘எப்போதும்’, ‘வழக்கமாக’ என்று எழுதியிருக்கிறாய். எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் சீட்டுகளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது சாட்சியம் இல்லைம்மா, வீரப்பிரதாபம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் ‘ஒரு எட்டு’ என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு, இருந்த இடத்தை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். அதுதான். வேறு எதுவும் அதற்கு ஈடாகாது. பதிப்பாசிரியர் அதைக் கொச்சை என்கிறார். “ஐயா, நீங்க காலையில பேப்பர் வாங்க எப்படிப் போனீங்க? விரைந்து சென்றீங்களா, ஒரு எட்டு போய்ட்டு வந்தீங்களா?” என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாதிக் கிணறு தாண்டிவிட்டேன் என்று நினைக்கிறேன். தேதி போட்ட சீட்டு இருந்தால் மீதியையும் தாண்டுவேன்.

பஸ் நிலையத்தில் சொன்னதைப் பற்றி: சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. நீ என்ன நிலையில் யாரை விட்டுவிட்டுப் போனாய் என்பதையும் கூடவே நினைத்துப் பார்.

நேற்று அம்மா திறந்திருந்த அலமாரிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டாள். கேட்டால், “கதவு நேத்து இங்க இல்லையே” என்கிறாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது விரலை உள்ளே விட்டு அளவு பார்க்கிறாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் நிறுத்திவிடுகிறாள். உனக்கு வேலை ஜாஸ்தி.

அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

ஒன்பது சீட்டு. தேதி, மணி, இடம் எல்லாம் போட்டிருக்கிறேன். உங்கள் ஐயாவிடம் கொடு, வீரப்பிரதாபம் ஒரு சொட்டுக்கூட இல்லை.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடம் தனக்கு முன்னால் ஓடியவர்களையும் பின்னால் ஓடிவந்தவர்களையும் பார்த்தவர். இந்த விஷயத்தில் உங்கள் ஏழு பேராசிரியர்களையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். சொற்கள் பெரும்பாலும் அவர் வாயிலிருந்து விழுந்தவை.

பெல்ட் – ஏப்ரல் 3, காலை பதினொன்று இருபது. சலூனில் ஒருத்தர் முடிவெட்டிக்கொண்டிருந்தார். வெளியே தப்பான இடத்தில் நிறுத்திய அவர் காருக்கு அபராதச் சீட்டு எழுத ஆள் வந்துவிட்டார். பாதி வெட்டிய தலையோடு, கழுத்தில் கட்டிய துணியோடு மனிதர் ஓடிவந்தார் பார்! பின்னால் கத்தரிக்கோலோடு சலூன்காரர், உச்சி வழுக்கை வெயிலில் பளபளக்க. “லுக் அட் ஹிம் பெல்ட்!” என்றார் பஸ்காரர். தமிழில் தலைதெறிக்க ஓடுவது. இங்கே தெறித்தது முடி.

லெக் இட் – ஏப்ரல் 9, மதியம் இரண்டே கால். சுவருக்கு வர்ணம் அடிக்கும் இரண்டு பேர். ஏணி மேலிருந்து டின் கவிழ்ந்து கீழே நின்ற வெள்ளைக் கார் பச்சையாகிவிட்டது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். “லெக் இட்!” என்றான் ஒருவன். கம்பி நீட்டிவிட்டார்கள், ஏணியை அப்படியே போட்டுவிட்டு. லெக் இட் என்றால் தப்பு செய்தவன் ஓடுவது. மிச்சப் பேர் ஓடினால் அந்தச் சொல் பொருந்தாது.

போல்ட் – ஏப்ரல் 11. ஒரு கடையின் இரும்புக் கதவு தடாலென்று இறங்கியது, கட்டியிருந்த நாய் மிரண்டு ஓடியது. ‘விருட்டென்று’ போதாது, உள்ளே பயம் இருக்க வேண்டும். டேஷ் – ஏப்ரல் 14, மருந்துக் கடைப் பெண், பஸ்ஸுக்கு. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட அவசரம். மற்றவை சீட்டில்.

அம்மா நெற்றியில் வீங்கியதா? ஞாயிற்றுக்கிழமை கேட்டதற்கு ஒன்றும் இல்லை என்றாள். நிச்சயம் வருவேன். தேதி மட்டும் கேட்காதே.

தம்பி


மே 2

தம்பி,

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். வந்த சீட்டுகளைத் தேதிவாரியாக மேசையில் பரப்பி, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். சிலர் வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்து எழுதி அனுப்பிவிடுவார்கள். அதைப் பிடிப்பதற்காக வந்த பழக்கம். உன் ஒன்பதையும் பரப்பினேன். கற்பனை இல்லை, எல்லாம் நிஜம். ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது.

ஒன்பது சீட்டும் ஒன்பது வேலை நாட்கள். எல்லாமே காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் நடுவில். நாள் முழுக்க ஊர் சுற்றிப் பார்சல் கொடுப்பவன் நீ. சலூன், மருந்துக் கடை, தையல் கடை, அந்த ஏணி எல்லாம் ஒரே தெரு. சலூன்காரரின் உச்சி வழுக்கையை எழுதியிருக்கிறாய். தெருவில் நிற்பவனுக்கு முகம் தெரியும், உச்சி தெரியாது. உன் விலாசத்தில் ‘மூன்றாவது மாடி’ என்று இருக்கிறது.

அதோடு, தேதியே போடாத முதல் ஆறு சீட்டிலும் ‘நான், நான்’ என்று ஒரே நீதான். தேதி போட்ட ஒன்பதில் ஒரு ‘நான்’கூட இல்லை. தெருவே ஓடுகிறது, நீ எங்கும் போகவில்லை.

ஏன்டா ஜன்னலிலேயே இருக்கிறாய்? வேலை போய்விட்டதா? உடம்பு சரியில்லையா? என்ன செய்தாய், இல்லை உனக்கு என்ன செய்தார்கள்? மாலை ஆறு மணிவரை அந்தச் சீட்டுகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்மேல் கோபமாக இருந்து பழகிவிட்டதால், பயம் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீரப்பிரதாபம், நக்கல் எதுவும் வேண்டாம். உள்ளதை எழுது.

அக்கா


மே 14

அக்கா,

நீ போலீசில் சேர்ந்திருக்க வேண்டியவள்.

போன ஆகஸ்டில், பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள நாற்சந்தியில், பச்சை விளக்கில்தான் போனேன். ஒரு வேன் பார்க்காமல் திரும்பிவிட்டது. வலது தொடை எலும்பு இரண்டாக ஒடிந்தது. இரண்டு ஆபரேஷன், உள்ளே நீளக் கம்பி, பத்து வாரம் ஆஸ்பத்திரி. அந்தப் பத்து வாரமும் ஞாயிறு தவறாமல் அம்மாவிடம் பேசினேன். பின்னால் நர்ஸ் குரல் கேட்டால், “கிடங்கில் மேடம் கூப்பிடுறாங்கம்மா” என்பேன்.

எலும்பு சேர்ந்துவிட்டது. அதில் குறை இல்லை. ஜனவரியிலேயே டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்து, “நட, கைத்தடியோடு எங்கே வேண்டுமானாலும் போ” என்று சொல்லிவிட்டார். இந்த அறைக்குள் நன்றாகவே நடக்கிறேன். கதவைத் திறந்து படிக்கட்டில் நாலு படி இறங்கினால் கீழே தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும். உடனே உடம்பெல்லாம் வேர்க்கிறது, கண் இருட்டுகிறது. பிடிச்சுவரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். பஸ்காரர்தான் கைத்தாங்கலாக மேலே கொண்டுவந்து விடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு நான் தெருவை மிதிக்கவே இல்லை அக்கா. ரொட்டி, பால், உன் கடிதம் எல்லாம் அவர்தான் மேலே கொண்டுவருகிறார்.

வேலை போகவில்லை. பெரிய மேடம் நல்லவர். ஆட்களை அனுப்பும் வேலையையே எனக்குக் கொடுத்துவிட்டார். காதில் ஒரு போனை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, நாள் முழுக்கப் பத்துப் பேரை ஓடு ஓடு என்று விரட்டுகிறேன். நான் போன தெருக்கள்தான் எல்லாம். எந்தத் திருப்பத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஓடுவது ஒன்றுதான் இவனுக்குத் தெரியும் என்று சொன்னவளிடம், இப்போது அதுவும் தெரியாது என்று எப்படி எழுதுவது? வெட்கமாக இருந்தது. முப்பத்தொரு வயது ஆள் படிக்கட்டைக் கண்டு அழுகிறான் என்று யாரிடம் சொல்ல?

அம்மாவிடம் சொல்லாதே. கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

தம்பி


மே 24

என் தம்பிக்கு,

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. நீ ஓடிப்போகவில்லை. அப்பாவின் வைத்தியத்தில் வீடு ஒன்றுமில்லாமல் ஆனபோது வேலை தேடிக்கொண்டு போனாய். எனக்கும் அது அன்றைக்கே தெரியும். அப்பாவும் இல்லாமல், நீயும் இல்லாமல், அம்மாவை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகப் பயமாக இருந்தது. போகாதேடா என்று சொல்லத் தெரியாமல் போடா என்றேன். மூன்று வருடமாக அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் சரியான பொருள் தேடிக்கொண்டு, நான் சொன்ன ஒன்றைத் திருத்தாமல் விட்டுவிட்டேன். மன்னித்துவிடு.

இன்னொரு மன்னிப்பும் கேட்க வேண்டும். அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று முகத்தைக் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். ஆனால் கண் தெரியாதவளிடம் முகத்தை மறைத்து என்ன பயன்? “குரல் ஏன் கம்மியிருக்கு? அவனுக்கு என்ன?” என்றாள். எனக்கு என்ன என்று கேட்கவில்லை பார். பொய் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. முழுக்கச் சொன்னேன்.

அழுவாள் என்று நினைத்தேன். போனைத் தடவி எடுத்து என்னிடம் நீட்டினாள். பிறகு, “கண் டாக்டர் நம்பரைப் போடு” என்றாள். போட்டுக் கொடுத்தேன். “எப்ப வேணா வெச்சுக்கலாம் டாக்டர். சீக்கிரமா குடுங்க” என்று அவளே பேசினாள். பையன் வர வேண்டுமே என்று அவர் கேட்டிருக்கிறார். “அவனால வர முடியாது. எனக்குக் கண்ணு தெரிஞ்சாத்தானே நான் போய் அவனைப் பாக்க முடியும்?” என்றாள்.

ஜூன் 10-ஆம் தேதி வலது கண். அது ஆறியதும் நாங்கள் இருவரும் அங்கே வருகிறோம். வரட்டுமா என்று கேட்கவில்லை, வருகிறோம் என்று சொல்கிறேன். சீட்டு எதுவும் இனி நீ அனுப்ப வேண்டாம். அகராதி காத்திருக்கும்.

அக்கா


ஜூன் 3

அக்கா,

சொல்லாதே என்று சொன்னேன். சொல்லிவிட்டாய். உன்னை நம்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

வராதீர்கள். லிப்ட் இல்லை. மூன்று மாடி அம்மா எப்படி ஏறுவாள்? ஏறி வந்து எதைப் பார்ப்பாள்? தாடி வைத்துக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருப்பவனையா? புதுக் கண் போட்டுக்கொண்டு முதலில் பார்க்க இதுதானா கிடைத்தது?

உன் கடிதம் வந்த மறுநாள் இறங்கிப் பார்த்தேன். ரோஷத்தில்தான் இறங்கினேன். இரண்டாவது மாடிவரை போனேன். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இவ்வளவுதான் நான் இப்போது.

அம்மாவிடம் அவள் கண்ணை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்.

தம்பி


ஜூன் 18

கோபக்காரத் தம்பிக்கு,

திட்டு, பரவாயில்லை. திட்டிய கடிதத்திலும் இரண்டாவது மாடிவரை இறங்கினேன் என்று எழுதியிருக்கிறாய். நாலு படியிலிருந்து ஒரு மாடி ஆகியிருக்கிறது. எனக்குக் கணக்கு வராது, ஆனாலும் இது புரிகிறது.

ஆபரேஷன் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் கட்டை அவிழ்த்ததும் என்னைப் பார்த்து, “ஏண்டி இவ்வளவு நரைச்சிருக்க?” என்றாள். அதுதான் முதல் வார்த்தை. இரண்டு நாள் கழித்து என் மேசையில் இருந்த உன் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். பாதி வெட்டிய தலையோடு ஓடினவரைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் எனக்குப் பயம் வந்துவிட்டது, கண்ணுக்கு ஆகுமோ ஆகாதோ என்று. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “எழுத்து ஏன் இப்படிச் சாஞ்சு கிடக்கு? காலை நீட்டிப் படுத்துக்கிட்டே எழுதினானா?” என்று கேட்டாள். மூன்று மாதமாக அந்த எழுத்தை வரி வரியாகத் திருத்தியவள் நான். எனக்கு அது தோன்றவே இல்லை.

உன் தாடி எப்படி இருந்தாலும் அவளுக்குக் கவலை இல்லை. “மூணு மாடிதானே, மூணு நாள் எடுத்துக்கிட்டாவது ஏறுவேன்” என்கிறாள். நான் அதை நம்புகிறேன். நீயும் நம்பு.

‘ஒரு எட்டு’ உள்ளே போய்விட்டது! பதிப்பாசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ‘கம்பி நீட்டு’வும் போய்விட்டது. ‘பின்னங்கால் பிடரியில் பட’ என்பதற்கு மட்டும், “இது அகராதியாம்மா, சந்தையா?” என்று கத்தினார். சண்டை தொடர்கிறது.

ஜூலை 12-ஆம் தேதி வருகிறோம். விமான நிலையத்திலிருந்து வரும் 37-ஆம் நம்பர் பஸ் உன் தெருவில், மருந்துக் கடை வாசலில் நிற்கும் என்று விசாரித்துவிட்டேன். பகல் பதினொன்றே முக்காலுக்கு வந்துவிடுவோம். உன் வீடு எதிர்ப்பக்கம்தானே, நாங்களே சாலையைக் கடந்து வந்துவிடுவோம். நீ இறங்கவே வேண்டாம். கதவை மட்டும் திறந்து வை. யாருக்கும் நீ எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

அம்மாவே படிப்பாள் என்பதால் நேராக உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து சாய்ந்திருந்தால் அது என் கையின் கோளாறு, காலுக்குப் பங்கில்லை.

நீங்கள் வருவதைப் பஸ்காரரிடம் சொன்னேன். அவர் மறுநாள் காலை செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய் இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்துகொண்டார். என்னைக் கூப்பிடவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பத்து மணிக்கு நான் இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதித் தாளைக் கிழித்துக் கொடுத்தார். மறுநாள் முதல் மாடிப் படியில் உட்கார்ந்தார். நாலாம் நாள் வாசற்படியில். வேர்த்தது, ஒருநாள் வாந்தியே எடுத்தேன். அவர் தாளின் மறுபக்கத்தைத் திருப்பினார். முப்பது வருடம் ஏறுகிறவர்களுக்காகக் காத்திருந்து பழகியவர் என்று நினைக்கிறேன்.

வாசல்வரை வந்துவிட்டேன். சாலைதான் இன்னும் கஷ்டம். வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நிற்பேன். கார்கள் நின்று வழி விடும். எனக்குக் கால் எழாது. டிரைவர்கள் கையைக் காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். முதல் நாள் நாற்பது நிமிடம் அப்படி நின்றுவிட்டுத் திரும்பினேன். அடுத்த நாள் நடுவரைக்கும் போய் அங்கேயே உறைந்துபோய், பஸ்காரர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. சலூன்காரர், தையல்காரர், அந்த மருந்துக் கடைப் பெண் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். இத்தனை நாள் நான் அவர்களைப் பார்த்தேன், இப்போது அவர்கள் முறை.

நேற்று தனியாகக் கடந்தேன். ஒரே ஒருமுறை. அந்தப் பக்கம் போய், மருந்துக் கடைச் சுவரில் கையை வைத்துக்கொண்டு அழுதேன். அந்தப் பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். இன்றைக்கு மறுபடியும் முயன்றேன், முடியவில்லை. அப்படித்தான் இருக்கிறது அக்கா, ஒருநாள் ஆகிறது, ஒருநாள் ஆகவில்லை. பன்னிரண்டாம் தேதி எந்த மாதிரி நாளாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் இனிப் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்க மாட்டேன். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அம்மாவை அந்தக் கடை நிழலில் நாற்காலி கேட்டு உட்கார வை. எதிர்ப்பக்கம் பார். வெள்ளைக் கோட்டுக்கு முன்னால், ஷேவ் செய்த முகத்தோடு, கைத்தடி வைத்துக்கொண்டு ஒருத்தன் நிற்பான். ரொம்ப நேரம் நின்றுகொண்டே இருப்பான். அவனைப் பார்த்ததும் நீ சாலையில் குதித்து ஓடி வந்துவிடாதே. அம்மா எழுந்தால் கையைப் பிடித்து உட்கார வை.

அங்கேயே இருங்கள். எவ்வளவு நேரமானாலும் இருங்கள். நான் வருவேன்.

தம்பி